சமூக வானொலி உரையாடல் நிகழ்ச்சி

சமூக வானொலி உரையாடல் நிகழ்ச்சி என்பது, ஒரு வட்டாரத்தில் வாழும் மக்களோ, பிறந்த மண்ணை விட்டுப் பல இடங்களில் சிதறி வாழும் ஓர் இனத்தவரோ தம் பொதுச் சிக்கல்களைத் தம் மொழியில் கலந்து பேசுவதற்கெனச் சமூக வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் நிகழ்ச்சி வகையாகும். அமெரிக்காவில் ஆப்பிரிக்க விவகாரங்களையும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் வாழ்வையும் பற்றிய வாராந்தர நிகழ்ச்சிகள் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இந்தியாவில் சமூக வானொலி நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்பத் தடை உள்ளதால், இங்கு உரையாடல் நிகழ்ச்சி வேறு வடிவம் பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி, அரவேணு வட்டாரம் போன்ற பன்மொழி மலைப்பகுதிகளில் இவ்வகை நிகழ்ச்சிகளுக்குச் சிறப்பான தேவை உண்டு.

வரையறை

வானொலி ஒலிபரப்பு பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது. அரசு அல்லது பொதுத்துறை நடத்துவது ஒன்று. இலாப நோக்குடைய தனியார் நடத்துவது மற்றொன்று. இலாப நோக்கற்ற அமைப்புகள் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் நடத்துவது மூன்றாவது. மூன்றாம் வகையே சமூக வானொலி எனப்படுகிறது. இதன் ஒலிபரப்பி ஆற்றல் குறைந்தது. பெரும்பாலும் பண்பலையில் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டுமே கேட்கும்.

வணிக வானொலியின் உரையாடலில் தொகுப்பாளரே மையமாக இருப்பார். நேயர்கள் பாடல் கேட்கவோ வாழ்த்துச் சொல்லவோ அழைப்பர். சமூக வானொலியின் உரையாடலில் பேசுபொருளுக்கு உரியவரே பேசுகிறார். தேயிலை விலை பற்றிய நிகழ்ச்சியில் பச்சைத் தேயிலை பறிப்பவரும் சிறு விவசாயியும், மீன்பிடித் தடைக்காலம் பற்றிய நிகழ்ச்சியில் மீனவரும் கருத்துரைப்பர். அதிகாரியும் வல்லுநரும் விடையளிக்க அழைக்கப்படுவர். யார் வினவுகிறார், யார் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் இந்த இடமாற்றமே இவ்வகை நிகழ்ச்சியின் அடிப்படை இயல்பு ஆகும்.

தொடக்க வரலாறு

சமூக வானொலியின் முன்னோடிகளாக 1940களின் இறுதியில் தோன்றிய மூன்று முயற்சிகள் குறிப்பிடப்படுகின்றன. தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் சுத்தாத்தென்சா ஊரில் 1947-இல் உழவர்களுக்குக் கல்வி புகட்டும் வானொலி தொடங்கப்பட்டது. பொலிவியாவில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் தம் சங்கச் சந்தாவைக் கொண்டு சொந்த நிலையங்களை நடத்தினர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் பெர்க்லியில் 1949 ஏப்ரல் 15 அன்று கேபிஎஃப்ஏ நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் மனச்சான்றின் அடிப்படையில் படைப்பணியை மறுத்தவரான லூயிஸ் ஹில் என்பவர் இதனை நிறுவினார். விளம்பரம் இன்றி, நேயர்கள் தரும் நன்கொடையால் ஒரு நிலையத்தை நடத்தலாம் என்பதை இது காட்டியது. இதனை நடத்திய பசிபிக்கா அறக்கட்டளை, பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், ஹியூஸ்டன், வாஷிங்டன் ஆகிய நகரங்களிலும் நிலையங்களைக் கொண்டது.

ஆப்பிரிக்க விவகார நிகழ்ச்சிகள்

அமெரிக்காவின் பெருநிறுவன ஒலிபரப்பில் ஆப்பிரிக்கா பெரும்பாலும் பஞ்சம், போர், நோய் ஆகியவை நேரும்போது மட்டுமே இடம்பெற்றது. அக்கண்டத்தின் தேர்தல்கள், தொழிற்சங்கங்கள், இலக்கியம், கடன்சுமை ஆகியவை பற்றிப் பேச இடமில்லை. இந்தக் குறையை நிரப்ப பசிபிக்கா நிலையங்களிலும் பல்கலைக்கழக வானொலிகளிலும் தன்னார்வலர்கள் வார நிகழ்ச்சிகளைத் தொடங்கினர்.

இவற்றுள் கேபிஎஃப்ஏ நிலையத்தில் பேராசிரியர் வால்டர் டர்னர் தொகுத்து வழங்கிய 'ஆப்பிரிக்கா டுடே' குறிப்பிடத்தக்கது. வாஷிங்டனின் டபிள்யூபிஎஃப்டபிள்யூ நிலையம் 1977 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்நகரில் ஜாஸ் இசையையும் சமூக நீதி பற்றிய உரையாடல்களையும் இணைத்து வழங்கிய இந்நிலையத்திலும் ஆப்பிரிக்க விவகாரங்களுக்கெனத் தனி நிகழ்ச்சி இடம்பெற்றது.

இந்நிகழ்ச்சிகளில் இருவகை மக்கள் சந்தித்தனர். பல நூற்றாண்டுகளுக்கு முன் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஒருசாரார். அண்மைப் பத்தாண்டுகளில் எத்தியோப்பியா, நைஜீரியா, கானா முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் மற்றொரு சாரார். தோல்நிறத்தாலும் மூதாதையராலும் இணைக்கப்பட்ட இவர்களுக்குள் மொழி, வரலாறு, வாழ்க்கைநிலை ஆகியவற்றில் பெரும் வேறுபாடு உண்டு. ஆகவே இவ்வுரையாடல்கள் தொலைதூரக் கண்டத்தின் செய்தியைச் சொல்வதோடு, 'நாம்' என்பதில் யார் யார் அடங்குவர் என்னும் வினாவையும் எழுப்பின.

இத்தகைய ஒலிபரப்புக்கு எதிர்ப்பும் இருந்தது. ஹியூஸ்டனில் 1970-இல் தொடங்கப்பட்ட பசிபிக்கா நிலையத்தின் ஒலிபரப்பிக் கருவிகள் அதே ஆண்டில் இருமுறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வெள்ளையின ஆதிக்க அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைச் சேர்ந்தோரே இதற்குக் காரணம் எனப்பட்டது. நிலையம் மீண்டும் கட்டமைக்கப்பட்டு ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

தென்னாப்பிரிக்கா

நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் அரசு ஒலிபரப்பு நிறுவனம் இன வாரியாகவும் மொழி வாரியாகவும் நிலையங்களைப் பிரித்து நடத்தியது. இந்திய வம்சாவளியினருக்கென 1983-இல் தொடங்கப்பட்ட 'ரேடியோ லோட்டஸ்' இவற்றுள் ஒன்றாகும். இது பின்னர் 'லோட்டஸ் எஃப்எம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழர்களும் இதன் நேயர்களாவர். தாய்மொழிப் பேச்சு அருகிவந்த அச்சமூகத்திற்குத் தமிழ்ப் பாடலும் நிகழ்ச்சியும் இதன்வழி கிடைத்தன. எனினும் இது அரசு நிறுவனத்தின் நிலையமாகும். சமூக வானொலி அன்று.

கேப் டவுன் நகரின் 'புஷ் ரேடியோ' ஆப்பிரிக்கச் சமூக வானொலிகளின் தாய் என அழைக்கப்படுகிறது. ஆட்சியாளர் தடுத்த பேச்சுகளையும் பாடல்களையும் ஒலிநாடாக்களில் பதிந்து கைமாற்றிய ஒரு குழுவிலிருந்து இது உருவானது. உரிமம் மறுக்கப்பட்ட நிலையில் 1993-இல் இதன் உறுப்பினர்கள் சட்டத்தை மீறி ஒலிபரப்பினர். காவல்துறையினர் கருவிகளைக் கைப்பற்றினர். அதே ஆண்டில் சுதந்திர ஒலிபரப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, சமூக வானொலி தனி வகையாக ஏற்கப்பட்டது. புஷ் ரேடியோ 1995-இல் முறையான உரிமத்துடன் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், ஷோசா ஆகிய மூன்று மொழிகளையும் பேசும் நகர மக்கள் ஒரே நிகழ்ச்சியில் உரையாடும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது. இனங்களைப் பிரித்து வைப்பதற்கே வானொலி பயன்பட்டுவந்த நாட்டில் இது பெரிய மாற்றமாகும்.

இந்தியச் சட்டநிலை

இந்தியாவில் வானொலி நீண்டகாலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. சமூக வானொலிக்கான கோரிக்கைகளுக்கு இத்தீர்ப்பே அடிப்படை ஆயிற்று. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி இலாப நோக்கற்ற தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி வழங்கப்பட்டது.

2006-ஆம் ஆண்டு நெறிகளின் முதன்மைக் கூறுகள் வருமாறு:

- உரிமம் கோரும் அமைப்பு உள்ளூர் மக்களிடையே குறைந்தது 3 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும்.
- நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக்கப்பட வேண்டும்.
- வட்டார மொழியிலும் பேச்சுவழக்கிலும் நிகழ்ச்சிகள் அமைவது விரும்பத்தக்கது.
- பயனுறு கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மிகலாகாது. அலைவாங்கியின் உயரம் 30 மீட்டரைத் தாண்டலாகாது.
- செய்தியும் நடப்பு நிகழ்வுகளும், அரசியல் தன்மை கொண்டவையும் ஒலிபரப்பலாகாது.

விளம்பர நேரம் தொடக்கத்தில் மணிக்கு 5 நிமிடமாக இருந்தது. படிப்படியாக உயர்த்தப்பட்டு 2024-ஆம் ஆண்டு நெறிகளில் 12 நிமிடமாயிற்று. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி ஒலிபரப்பவும் பிற்காலத்தில் இசைவு தரப்பட்டது. ஆயினும் உள்ளூர்ச் செய்தியைத் தாமே திரட்டிச் சொல்லும் உரிமை இந்நிலையங்களுக்கு வழங்கப்படவில்லை. நாளிதழுக்கும் தனியார் தொலைக்காட்சிக்கும் உள்ள உரிமை வானொலிக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என வினவி, 'காமன் காஸ்' என்னும் அமைப்பு 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது.

இத்தடையே இந்தியச் சமூக வானொலியில் உரையாடல் நிகழ்ச்சிக்குத் தனி இடத்தைத் தந்துள்ளது. 'ஊரில் குடிநீர்க் குழாய் உடைந்து பத்து நாளாயிற்று' என்பதைச் செய்தியாக வாசித்தால் விதிமீறல் என்னும் வினா எழக்கூடும். குடிநீர்ப் பராமரிப்புப் பற்றிய உரையாடலில் அவ்வூர்ப் பெண்மணி தம் அனுபவமாக அதனைச் சொன்னால் அது வளர்ச்சி சார்ந்த நிகழ்ச்சியாகும். செய்திக்கும் உரையாடலுக்கும் இடையிலான இந்த எல்லை தெளிவாக வரையறுக்கப்படாததால், உரிமத்தை இழக்க அஞ்சி நிலையங்கள் தாமாகவே சில பொருள்களைத் தவிர்ப்பதும் உண்டு.

தொண்டு அமைப்பு ஒன்றின் சார்பில் தொடங்கப்பட்ட முதல் இந்தியச் சமூக வானொலியான 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. இன்றைய தெலங்காணாவின் ஜஹீராபாத் வட்டாரத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் இதனை நடத்தினர். கருவிகள் 1990களின் இறுதியிலேயே கிடைத்திருந்தும், உரிமத்திற்காக அவர்கள் ஏறத்தாழ பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதுவரை நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர்.

தமிழ்நாடு

இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலியான 'அண்ணா எஃப்எம்' 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. சுற்றுப்புறக் குடிசைப்பகுதிப் பெண்களும் இதன் நிகழ்ச்சித் தயாரிப்பில் பங்கேற்றனர். ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் சமூக வானொலி உருவானது. 2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் மீனவர்களுக்கான 'கடல் ஓசை' தொடங்கியது. இவை யாவும் ஒரு வட்டாரத்தின் ஒரு தொழிலையோ ஒரு பேரிடரையோ மையமாகக் கொண்டு எழுந்தவை. நீலகிரியின் நிலை வேறானது.

நீலகிரி

நீலகிரி மாவட்டத்தில் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்குடியினரும், எண்ணிக்கையில் பெரிய சமூகமான படுகரும் வாழ்கின்றனர். தோடா, கோத்தா ஆகியவை அழியும் தறுவாயில் உள்ள மொழிகளாகவும், படுகு அழிவை எதிர்நோக்கும் மொழியாகவும் யுனெஸ்கோவின் மொழி நிலப்படத்தில் குறிக்கப்பட்டுள்ளன. இவர்களோடு சமவெளித் தமிழர், மலையாளிகள், கன்னடர் ஆகியோரும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களும் உள்ளனர்.

கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் சார்பில் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 'ரேடியோ கோத்தகிரி' என்னும் சமூக வானொலி அமைக்கப்பட்டது. 1990களில் தேன் சேகரிக்கும் பழங்குடியினரிடையே பணியைத் தொடங்கிய அமைப்பு இது. தமிழோடு தொல்குடி மொழிகளுக்கும் இடமளிப்பது இந்நிலையத்தின் நோக்கமாகும்.

மலைநிலம் பண்பலை ஒலிபரப்புக்குத் தடையாகவும் துணையாகவும் அமைகிறது. பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால், ஒரு குன்றின் மறுசரிவில் உள்ள ஊர் அருகில் இருந்தும் ஒலி கேட்காது போகலாம். தொலைவில் இருந்தும் எதிரே திறந்த சரிவில் உள்ள ஊருக்கு நன்கு கேட்கலாம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையம் சாலையில் அதனை அடுத்துள்ள அரவேணுவைக் கடந்ததும் மலை சமவெளியை நோக்கிச் சரியத் தொடங்குகிறது. இச்சரிவின் மடிப்புகளில் தேயிலைத் தோட்ட லயன்களும் இருளர், குறும்பர் ஊர்களும் அமைந்துள்ளன. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மாவட்டம் எங்கும் நிலச்சரிவுகள் ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், சாலைகள் துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளைகளில் உள்ளூர் வானொலியின் தேவை கூடுதலாக உணரப்படுகிறது.

தாயகம் திரும்பியோரின் நிலை, புலம்பெயர்வு பற்றிய உரையாடல்களில் அரிதாகவே பேசப்படுவது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாக ஏற்பதென 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. இவ்வாறு வந்தவர்களுக்கு வேலையளிக்கத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. 1976 முதல் 'டேன்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் இவற்றை நடத்தி வருகிறது.

இலங்கையில் 'இந்தியர்' எனவும் நீலகிரியில் 'சிலோன்காரர்' எனவும் அழைக்கப்பட்ட இம்மக்கள், இரு நாட்டிலும் வந்தேறிகளாகவே பார்க்கப்பட்டனர். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, விட்டுவந்த மண்ணோடு இவர்களுக்கு ஒரு தொடர்பாக இருந்தது. ஆனால் அது கேட்பதற்கான தொடர்பே அன்றி, பேசுவதற்கான களம் அன்று. கழகத்தின் குத்தகையில் இருந்த 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க 2022-இல் அரசு முடிவெடுத்தபோது, பணியும் ஓய்வுக்குப் பின் தங்க வீடும் என்னாகும் என்ற கவலை தொழிலாளர்களிடையே எழுந்தது. ஒரே நிலம், தோட்டத் தொழிலாளிக்கு வாழ்வாதாரமாகவும், தொல்குடியினருக்கு மூதாதையர் காடாகவும், வனத்துறைக்குக் காட்டுயிர் வழித்தடமாகவும் தெரிகிறது. இம்மூன்று பார்வைகளையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசவைப்பது உரையாடல் நிகழ்ச்சியால் இயலும். அதே வேளை, இது அரசின் முடிவு பற்றிய நடப்பு நிகழ்வும் ஆகும் என்பதால் தடையின் எல்லைக்கு மிக அருகில் நிற்கும் பொருளாகிறது.

நிகழ்ச்சி அமையும் முறை

பெரும்பாலான சமூக வானொலிகளில் உரையாடல் நிகழ்ச்சி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அமைகிறது. தொகுப்பாளர் பெரும்பாலும் அவ்வூர்த் தன்னார்வலராக இருப்பார். பொருளைத் தேர்ந்தபின் ஊர்களுக்குச் சென்று சிறு ஒலிப்பதிவிகளில் கருத்துகள் திரட்டப்படும். நிலையத்திற்கு வர இயலாத முதியோரும் கூலித் தொழிலாளரும் இவ்வாறே பங்கேற்பர். பின்னர் நிலையத்தில் உரியவர்களுடன் உரையாடல் நடைபெறும். தொலைபேசியில் நேயர்கள் வினவுவர். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை மூன்று மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது இந்திய விதியாகும்.

பன்மொழி வட்டாரங்களில் ஒருவர் தம் மொழியில் பேச, தொகுப்பாளர் அதன் சுருக்கத்தைத் தமிழில் சொல்வது ஒரு முறை. ஒவ்வொரு மொழிக்கும் தனி நேரம் ஒதுக்குவது மற்றொரு முறை. முதல் முறையில் எல்லாரும் எல்லார் குரலையும் கேட்கின்றனர். ஆனால் சிறுபான்மை மொழி எப்போதும் மொழிபெயர்க்கப்பட வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. இரண்டாம் முறையில் மொழி முழுமையாக ஒலிக்கிறது. ஆனால் பிறர் அந்நேரத்தில் கேட்பதில்லை.

திறனாய்வு

உரையாடல் வடிவம் தன்னளவில் நன்மை பயப்பது அன்று என்பதற்கு ருவாண்டா சான்றாகும். 1993-இல் அங்கு தொடங்கப்பட்ட ஆர்டிஎல்எம் என்னும் தனியார் வானொலி, நேயர்களுடன் இயல்பாகப் பேசியும் பாடல்களை ஒலிபரப்பியும் மக்களிடையே செல்வாக்குப் பெற்றது. 1994-ஆம் ஆண்டு இனப்படுகொலையின்போது துட்சி இனத்தவரைக் கொல்லத் தூண்டியதும் இதே வானொலியே. இதன் நிறுவனர்களுள் இருவரை ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. செய்திக்குத் தடை வேண்டும் என்போர் இத்தகைய நிகழ்வுகளைச் சுட்டுகின்றனர். வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டங்கள் போதுமானவை என்றும், நிலையத்தின் ஆட்சிக்குழுவில் எல்லாச் சமூகத்தவரும் இடம்பெறுவதே உண்மையான காப்பு என்றும் மறுதரப்பினர் கூறுகின்றனர்.

பணப் பற்றாக்குறையும் பொதுவான குறையாகும். பசிபிக்கா நிலையங்கள் நேயர் நன்கொடையையே பெரிதும் சார்ந்துள்ளன. இந்தியாவின் ஊரகப் பகுதிகளில் அது எளிதன்று. எனவே அரசுத் துறைகளின் விளம்பரங்களை நிலையங்கள் நாடுகின்றன. அரசுத் துறையின் பணத்தில் இயங்கும் நிகழ்ச்சியில் அத்துறையின் அதிகாரியைக் கடினமான வினா கேட்பது எவ்வாறு என்னும் இக்கட்டு இதனால் எழுகிறது. இந்தியாவில் இயங்கும் சமூக வானொலிகளின் எண்ணிக்கை 2024-இல் 480-ஐத் தாண்டியது. நாட்டின் பரப்பையும் மொழிகளையும் நோக்க இது குறைவே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- சமூக வானொலி
- பண்பலை ஒலிபரப்பு
- மலையகத் தமிழர்
- சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்
- தென்னாப்பிரிக்கத் தமிழர்
- கோத்தகிரி
- அரவேணு